கேளாத கேள்விக்கு விடை

ஒரு பொருள் கைமாறும் இடத்தில் இருவர் எதிரெதிரே நிற்கின்றனர். நடுவில் இருக்கும் பொருள் ஒன்றுதான்; ஆனால் அதைப் பற்றிய அறிவு இருவரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. சாயம் போகுமா என்பது துணி விற்பவருக்குத் தெரியும். வாங்கியவருக்கு முதல் சலவையில்தான் தெரியவரும். பசு எவ்வளவு கறக்கும், எப்போது உதைக்கும் என்பதை விற்பவர் அறிவார். வாங்குபவரோ வீட்டுக்கு ஓட்டிவந்து கட்டிய பிறகே அறிகிறார். இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும் வரையில் விற்பனை என்பது வெறும் கொடுக்கல் வாங்கலாக நின்றுவிடாது. அது மனிதனின் ஒழுக்கத்தையும் சோதிக்கிறது. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லலாகாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கேளாத கேள்விக்கும் விடை சொல்லியாக வேண்டுமா என்பதே சிக்கல். அச்சிக்கலை ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை முன்னிறுத்தி ஆராய்ந்து பார்ப்போம்.

பணம் படைத்தோரின் விளையாட்டுப் பொருளைப் பற்றிய ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று வாசகர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. அன்றாடத் தேவைக்கான கார் ஆண்டுக்காண்டு விலை இறங்கி, முடிவில் இரும்பு விலைக்கு வந்து நிற்கும். பலர் விரும்பும் ஸ்போர்ட்ஸ் கார் சில ஆண்டுகள் விலை இறங்கினாலும், அவ்வகை வண்டிகள் அருகி வரும்போது, நன்கு பேணப்பட்டவற்றின் விலை மீண்டும் ஏறத் தொடங்குவதுண்டு. அந்த விலை வண்டியின் பயனுக்காக மட்டும் தரப்படுவதன்று. அது கடந்துவந்த காலத்துக்கும், அதன் உடல்நிலைக்கும், உடையவர் காட்டிய அக்கறைக்கும் சேர்த்தே தரப்படுகிறது. அவற்றையெல்லாம் முழுமையாக அறிந்தவர் உலகில் ஒருவரே, அவர்தாம் விற்பவர்.

பிரிட்டனில் ஒருவர் தம் மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரை விற்க முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்த ஜப்பானிய வண்டி அது. இருவர் மட்டுமே அமரலாம். துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிட்டுத் திறந்தவெளிக் காற்றில் செல்லலாம். 1960களில் இங்கிலாந்தில் உருவான லோட்டஸ் எலான் போன்ற சிறு வண்டிகள் தந்த இன்பத்தை, அவற்றின் ஓயாத பழுதுகள் இல்லாமல் தர வேண்டும் என்பதே அதை உருவாக்கியோரின் நோக்கம். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாவதைக் குறிக்கும் ஜப்பானியத் தொடர் ஒன்றைத் தங்கள் இலக்காகவும் வைத்துக்கொண்டார்கள். 1.6 லிட்டர் எஞ்சின். ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. அமெரிக்காவில் அறிமுக விலை 13,800 டாலர். அதன் முதல் தலைமுறை 1997 வரை தயாராயிற்று. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவை விற்பனையாயின. நெடுநாள் மலிவாகக் கிடைத்த அவ்வண்டிகளை, 2017ஆம் ஆண்டில், ஜப்பானில் தானே புதுப்பித்துத் தருவதாகத் தயாரித்த நிறுவனமே அறிவிக்கும் அளவுக்கு அவற்றின் மதிப்பு உயர்ந்தது.

அவ்வண்டிக்கு முதுமையில் வரும் நோய் ஒன்று உண்டு. துணிக்கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள குழாய்களின் வழியே கீழே வடிய வேண்டும். இலைச்சருகும் தூசியும் சேர்ந்து அவ்வழி அடைபட்டால், நீர் கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற அடிச்சட்டத்தினுள் இறங்கித் தேங்கிவிடும். துரு உள்ளிருந்து வெளியே வரும். பின்சக்கரத்தை ஒட்டிய இடத்தில் பெயிண்ட் சற்றே கொப்புளித்தால் அதுவே வெளியே தெரியும் முதல் அடையாளம்; அதற்கு முன்பே உட்புறம் அரிக்கப்பட்டிருக்கும். இரும்புக் கூரை இல்லாத வண்டிக்கு அந்த அடிச்சட்டமே முதுகெலும்பு. அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது செலவு பிடிக்கும் வேலை. பிரிட்டனில் மூன்றாண்டு கடந்த கார்கள் ஆண்டுதோறும் தகுதிச் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் சோதிப்பவர் வண்டியின் பாகங்களைக் கழற்றிப் பார்ப்பதில்லை. கண்ணுக்கும் கைக்கும் எட்டுவதை மட்டுமே பார்க்கிறார்.

நாம் எடுத்துக்கொண்ட மனிதர் இருபது ஆண்டுகள் அவ்வண்டியைப் பேணியவர். எண்ணெய் மாற்றியதற்கும், டைமிங் பெல்ட் மாற்றியதற்கும், புதுக் கூரைத் துணி போட்டதற்கும் ரசீதுகளை நாள்வாரியாகக் கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறார். சென்ற குளிர்காலத்தில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது அடிச்சட்டத்தின் உள்விளிம்பில் துருவைக் கண்டார். தட்டிப் பார்த்தார், ஓசை மாறியிருந்தது. வண்டி சோதனையில் தேறியிருக்கிறது. ஓட்டத் தகாத நிலையை அது இன்னும் எட்டவில்லை. எட்டியிருந்தால் அதை விற்பதையே அந்நாட்டுச் சட்டம் குற்றமாகக் கருதும். ஆனால் ஓரிரு ஆண்டுகளில் எட்டிவிடும். கணக்கிட வசதியாக, குறையில்லாத வண்டிக்கு விலை 7,000 பவுண்டு என்றும், பழுதை நீக்க 2,000 பவுண்டு ஆகும் என்றும் கொள்வோம். வாங்க வருபவர் ஓர் இளைஞர். சம்பளத்தில் மிச்சம் பிடித்த சேமிப்போடு வந்திருக்கிறார். வண்டியின் பளபளப்பைப் பார்க்கிறார், கோப்பைப் புரட்டுகிறார், மனம் நிறைகிறார். துருவைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது.

துருவின்மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால், அது வாயால் சொல்லாமல் கையால் சொன்ன பொய். அதைப் பற்றி ஆராய வேண்டியதில்லை. இந்த மனிதர் எதையும் பூசி மறைக்கவில்லை. வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருக்கிறார், அவ்வளவே. வாய் திறவாதிருப்பது மட்டுமே அவர் செய்யவிருக்கும் செயல். அது குற்றமாகுமா?

சட்டம் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கிறது. கார் வியாபாரியாக இருப்பவர் தரமான பொருளைத் தந்தாக வேண்டும் என்று பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் கூறுகிறது. தம் சொந்த வண்டியை விற்கும் தனிமனிதருக்கு அக்கடமை இல்லை. அவர் வர்ணித்தபடி வண்டி இருக்க வேண்டும். கேட்டதற்குப் பொய் சொல்லக் கூடாது. மற்றபடி, விழிப்பாக இருக்க வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. ஆனால், சட்டம் தண்டிக்காததெல்லாம் தகுந்தது என்று எந்த நாட்டு அறிஞரும் சொன்னதில்லை.

ரோமானிய அறிஞர் சிசரோ, கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இவ்வழக்கை ஆராய்கிறார். பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வணிகன் தானியம் கொண்டுவருகிறான். பின்னால் பல தானியக் கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும், தீவினருக்குத் தெரியாது. அவன் சொல்ல வேண்டுமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ், சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்று வாதிடுகிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், மனிதர் அனைவரும் ஒரு சமூகத்தினர். ஆதலால் வாங்குபவர் அறிய வேண்டியதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். குறைகள் நிறைந்த வீட்டை விற்பவனைப் பற்றியும் அதே விவாதம் நடக்கிறது. சிசரோ மாணவரின் பக்கமே தீர்ப்பளிக்கிறார். மௌனம் எல்லாம் மறைப்பு ஆகாது. ஆனால் பிறருக்குத் தெரியாதிருப்பதே நமக்கு ஆதாயம் என்பதற்காக வாய்மூடி இருந்தால் அது மறைப்பே என்பது அவர் கண்ட முடிவு.

நமக்கு நெருக்கமான ஏடொன்றில் இதனினும் கூர்மையான நிகழ்ச்சி இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில், பொருளீட்டும் ஒழுக்கங்களைப் பற்றிய பகுதியில் அதை எடுத்துக்காட்டுகிறார். ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். அருகே நின்ற நபித்தோழர் வாஸிலா (ரலி) வேறு கவனத்தில் இருந்துவிட்டார். வாங்கியவர் ஒட்டகத்தோடு போய்விட்டதை அறிந்ததும் பின்னாலேயே ஓடினார். இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காக வாங்கினீரா என்று வினவினார். சவாரிக்கு என்று விடை வந்தது. அப்படியானால் அதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து பயணம் செய்ய அது தாங்காது என்று அறிவித்தார். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைத்துக்கொண்டார். என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் குறைப்பட்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நன்மை நாடுவதாக அண்ணல் நபிகளாரிடம் வாக்களித்திருப்பதை வாஸிலா (ரலி) நினைவூட்டினார்.

இந்நிகழ்ச்சியில் சிந்திக்க வேண்டியவை இரண்டு. வாஸிலா (ரலி) அங்கே விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர். அறிந்தவர் என்ற ஒரே காரணத்தால் பேசக் கடமைப்பட்டார். அடுத்து, அவர் கேட்ட கேள்வி. இறைச்சிக்கு என்றால் குளம்பின் ஓட்டை ஒரு குறையே அன்று. குறை என்பது பொருளில் மட்டும் இல்லை. எதற்காக வாங்கப்படுகிறதோ அந்த நோக்கத்தோடு சேர்ந்தது. பாகங்களைக் கழற்றி விற்பதற்காக ஒருவர் அந்த எம்.எக்ஸ்-5 காரை வாங்கினால் அடிச்சட்டத்தின் துரு அவருக்குப் பொருட்டன்று. நம் இளைஞரோ ஓட்டுவதற்காக வாங்குகிறார்.

உள்ளது உள்ளபடி விற்கிறேன், பிறகு எனக்குப் பொறுப்பில்லை என்று முன்னரே சொல்லிவிட்டால் போதாதா? பிரிட்டனில் இத்தகைய விளம்பரங்கள் ஏராளம். ஷாஃபிஈ சட்டநூல்கள் இத்தகைய நிபந்தனைக்கு மிகக் குறுகிய இடமே தருகின்றன. உயிருள்ள பிராணியிடத்தில், வெளியே தெரியாததும் விற்பவரும் அறியாததுமான குறைக்கு மட்டுமே அது அவரை விடுவிக்கும். விற்பவர் அறிந்த குறை அந்நிபந்தனைக்குள் அடங்குவதில்லை. ஹனஃபி அறிஞர்கள் இந்நிபந்தனையை விரிவாக ஏற்கின்றனர். ஆயினும் ஒப்பந்தம் செல்லும் என்பது ஒன்று. அறிந்ததை மறைத்த பாவம் நீங்கும் என்பது மற்றொன்று.

இனி, விற்பவரின் பக்கத்திலுள்ள வலுவான வாதத்தைக் கேட்போம். 1970இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் பிரித்தறிய முடியாத வாங்குநர், எல்லா வண்டிக்கும் சேர்த்தே விலையைக் குறைத்துக் கேட்கிறார். அவ்விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டி வைத்திருப்போர் சந்தையை விட்டு விலகுகின்றனர் என்று அவர் விளக்கினார். ஆகவே நம் மனிதர் இப்படிச் சொல்லலாம்: பிறர் செய்த மோசடிக்காக என் வண்டியின் விலை முன்பே குறைந்துவிட்டது. துருவையும் நானே சொன்னால் இருமுறை தண்டம் கட்டியவன் ஆவேன்.

இந்த முறையீட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து மௌனம் அன்று. மௌனம் அந்த அவநம்பிக்கைக்கு இன்னொரு காரணத்தைச் சேர்க்கிறது. நாளை நல்ல வண்டியை விற்க வரும் முன்பின் அறியாத ஒருவர் அதற்குத் தண்டம் கட்டுவார். தம் வண்டியின் குறையைத் தாமே சொல்பவரின் மற்றச் சொற்களை இளைஞர் நம்ப இடமுண்டு. வாங்குபவரே தேர்ந்தெடுக்கும் பட்டறையில் வண்டியைத் தூக்கிக் காட்டினால் அந்த நம்பிக்கை உறுதிப்படும். அப்படியும் அவர் நம்பாமல் போய்விடலாம். உண்மை பேசியவருக்கு உடனே நல்ல விலை கிடைக்கும் என்று வாக்களிப்பதும் ஒருவகைப் பொய்தான்.

விலை சொல்லும்போது மனிதர் இன்னொரு வழியிலும் தடுமாறுகிறார். இருபதாண்டு ரசீதுகளைக் கூட்டிப் பார்த்து, இத்தனை செலவு செய்தேனே என்று அத்தொகையை விலையில் ஏற்றப் பார்க்கிறார். அச்செலவின் பெரும்பகுதிக்கு உரிய பயனை அவர் அனுபவித்து முடித்துவிட்டார். மாற்றிய எண்ணெயில் அவர்தாம் ஓட்டினார். கோடைக்கால மாலைகளில் கூரையை மடித்துவிட்டுச் சென்ற இன்பமும் அவருடையதே. வாங்குபவர் விலை தர வேண்டியது இன்று வண்டி இருக்கும் நிலைக்கு. விற்பவரின் பாசத்துக்கு அன்று. பராமரிப்பு இன்றைய நிலையில் எந்த அளவுக்கு எஞ்சியிருக்கிறதோ அந்த அளவுக்கே அது விலை பெறும்.

இக்கடமை வாங்குபவருக்கும் உண்டு என்பதை மறத்தலாகாது. கணவரை இழந்த பெண்மணி ஒருவர், கொட்டகையில் நிற்கும் வண்டியின் மதிப்பை அறியாமல் 1,000 பவுண்டு போதும் என்கிறார். வாங்க வந்தவருக்கோ அது 7,000 பெறும் என்பது தெரியும். இங்கே அறிந்தவர் வாங்குபவர். நபித்தோழர் ஜரீர் (ரலி) அவர்களுக்காக 300 திர்ஹத்துக்குக் குதிரையொன்று பேசி முடிக்கப்பட்டபோது, அது அதற்கு மேல் பெறும் என்று அவரே கூறி, நூறு நூறாக உயர்த்தி 800 வரை கொடுத்தார் என்று ஹதீஸ் தொகுப்பாளர் தபரானீ பதிவு செய்திருக்கிறார். எல்லாராலும் அந்த உயரத்தை எட்ட முடியாமல் போகலாம். அறியாதவரிடம் அறிந்தவர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அது அளவுகோலாக நிற்கிறது.

இதனால் பேரமே கூடாது என்று பொருளாகாது. எவ்வளவுக்கு விட்டுத்தர மனம் இருக்கிறது என்பதையோ, எதற்காக விற்கிறோம் என்பதையோ யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவை நம் மனத்தையும் பணப்பையையும் சார்ந்தவை. துரு பொருளைச் சார்ந்தது. பொருள் கைமாறும்போது அதுவும் உடன் போகிறது. எனவே அதைப் பற்றிய அறிவும் உடன் போக வேண்டும்.

நம் மனிதர் இளைஞரைக் கையமர்த்தி, வண்டியின் அடியில் விளக்கைப் பிடித்துத் துருவைக் காட்டினார் என்றே வைத்துக்கொள்வோம். விலை 5,000 பவுண்டுக்கு இறங்கியது. வாய் திறந்ததால் 2,000 பவுண்டு போயிற்றே என்று வீட்டார் கேட்கலாம். நிதானமாகப் பார்த்தால், அப்பணத்தை அவர் வாய்திறந்து இழக்கவில்லை. அடைபட்ட குழாயின் வழியே இறங்கிய மழைநீர் எத்தனையோ குளிர்காலங்களில் அதைச் சிறுகச் சிறுகத் தின்று தீர்த்துவிட்டது. இளைஞர் வாசலுக்கு வரும் முன்பே அந்த நட்டம் நடந்து முடிந்துவிட்டது. அது யார் தலையில் விழுவது என்பது மட்டுமே அன்று தீர்மானிக்கப்பட வேண்டியிருந்தது: வண்டியின் இன்பத்தை இருபதாண்டு அனுபவித்தவர் தலையிலா, இன்னும் ஒரு நாளும் ஓட்டாதவர் தலையிலா?

அந்தக் கேள்வியை இளைஞர் கேட்கவில்லை. கேட்க அவருக்குத் தெரியாது. விடை அறிந்தவர் ஒருவரே என்பதால், கேள்வியை எழுப்ப வேண்டியவரும் அவரே.