வரப்பில் ஓர் உடைப்பு

வேடந்தாங்கலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏரிக்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது சுற்றியுள்ள வயல்கள். பறவைகளுக்கு ஏரி வீடு என்றால், சாப்பாடு வயலில். தை மாதம் நவரை நடவுக்குத் தண்ணீர் கட்டிச் சேறடிக்கும்போது, குஞ்சுகளுக்கு இரை தேடி நத்தைகுத்தி நாரைகள் இங்கேதான் இறங்கும்.

அன்று இரண்டு மணி நேரமாக ஒரு நாரையின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். நான் பத்தடி வைத்தால் அது இருபதடி தள்ளி நிற்கும். குனிந்தேன், வரப்பில் உட்கார்ந்தேன், மூச்சைக்கூட அடக்கினேன். கேமராவைத் தூக்கியதும் எழும்பிவிடும். அதே வயலின் மறுபக்கம் கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் இரைந்துகொண்டு சேறடிக்கிறது. அதன் பின்னாலேயே உண்ணிக்கொக்குகளும் மடையான்களும் ஓடி ஓடிப் பொறுக்குகின்றன. அவ்வளவு சத்தத்துக்கு அவை அஞ்சவில்லை; இந்த நாரை என் மௌனத்துக்கு அஞ்சுகிறது. மனசு கஷ்டப்பட்டது.

இன்னும் ஓர் எட்டு வைத்தேன். வரப்பு உள்வாங்கிக்கொண்டது. தண்ணீர் மளமளவென்று கீழ்வயலுக்கு இறங்கியது.

"நண்டு வளை தம்பி, ஓரத்துல மிதிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் மண்வெட்டியோடு வந்தார். கோபப்படவில்லை. கேமராவைப் பையில் போட்டுவிட்டு நானும் இறங்கி, சேற்றை இரு கையாலும் அள்ளி அடைத்தேன். கால் மணி நேரம் இருக்கும். தலை நிமிர்ந்தபோது எட்டடி தூரத்தில் நாரை.

அலகின் நடுவில் அந்த இடைவெளி தெரிந்தது. குஞ்சாக இருக்கும்போது அது இராது; வளர வளரத்தான் உண்டாகும். கண் தண்ணீருக்கு மேலே இருக்க, அலகு மட்டும் சேற்றுக்குள் துழாவியது. நத்தை சிக்கியது. மேலலகால் ஓட்டை அழுத்திப் பிடித்து, கீழலகின் நுனியை உள்ளே விட்டு, தசையை அறுத்து இழுத்தது. ஓடு உடையவில்லை. வெற்று ஓடு சேற்றில் விழுந்தது.

தன் மேலிருந்து கண்ணை எடுக்காமல், ஓசையில்லாமல் நெருங்கி வருவது எது? பறவை அறிந்தவரை, வேட்டை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று இவ்வூர்க்காரர்கள் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்று தெரிந்தவர்கள். துப்பாக்கியை நிறுத்தியாயிற்று. குறிவைக்கும் கண்ணை நான் கொண்டு வந்திருக்கிறேன்.

மகளின் நினைவு வந்தது. அவள் பள்ளிவிட்டு வந்ததும் எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டு, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்லப்பா." எழுந்து போய்விடுவாள். அவள் அம்மாவோடு முருங்கைக்கீரை ஆயும்போது மட்டும், யாரும் கேட்காமலே எல்லாம் பேசுவாள். பாசத்தில்தான் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பார்வைக்குள் எதையோ பிடுங்கிக்கொள்ளும் அவசரமும் இருந்திருக்கிறது.

அடைப்பின் மேல் பெரியவர் காலால் மிதித்துப் பார்த்தார். கெட்டியாக நின்றது. அடுத்த வயலில் இன்னோர் இடம் கசிந்துகொண்டிருந்தது. அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டு நடந்தார். நாரை அடுத்த நத்தைக்குத் துழாவிக்கொண்டிருந்தது. பையை வரப்பிலேயே விட்டுவிட்டு அவர் பின்னால் போனேன்.