ஆப்தன் யார்?

பிரெஞ்சுப் புரட்சி மூண்டபோது கடற்படை அதிகாரியாயிருந்து, பிரபு குலத்தவராகையால் நாட்டைவிட்டு வெளியேறி, லண்டனில் லெ ஸாஜ் என்ற புனைபெயருடன் சரித்திரப் படத்தொகுதி ஒன்றை இயற்றி ஜீவனம் நடத்திய லாஸ் காஸ் என்பவர், பிற்பாடு அந்தப் புரட்சியின் வாரிசாகவே சிங்காதனம் ஏறிய நெப்போலியனிடம் பணிபுரிந்து, அவன் அரசிழந்த 1815-இல், தம் மகனையும் அழைத்துக்கொண்டு செயின்ட் ஹெலினா தீவுக்கு உடன் போனார். நாள்தோறும் கேட்டதையும் கண்டதையும் எழுதிவைத்தார். வேலையாளின் உடையில் தைத்து ரகசியக் கடிதம் அனுப்ப முயன்றது வெளிப்பட்டு, 1816 நவம்பரில் ஆளுநர் ஹட்ஸன் லோ அவரைக் கைது செய்தபோது, அந்தக் குறிப்புகளும் பறிபோயின. நெப்போலியன் மரித்த பிறகே திரும்பி வந்த அவற்றைக்கொண்டு, 1823-இல் அவர் வெளியிட்டதுதான் செயின்ட் ஹெலினா நினைவேடு.

இத்தனை பக்தியுள்ள ஒருவரின் வாக்கு பிரமாணமாகுமா? ஒட்டாமல் நின்று பார்ப்பவனே சாட்சி என்று வேதாந்தத்தில் பழகிய மனம் உடனே தலையசைத்து மறுக்கும். ஆனால், நியாய சூத்திரங்களுக்குப் பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவனாகிய ஆப்தனுக்கு வேண்டுவன என்று கூறியவை, பொருளை நேரே அறிந்திருத்தலும், உயிர்களிடத்துத் தயையும், உள்ளதை உள்ளவாறே உரைக்கும் விருப்பமுமேயாம். அந்த லக்ஷணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்றும் அவர் சொல்லிவைத்தார். அவருடைய கணக்கில் பற்றின்மை இல்லை, தயை இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அது சரியே. நெப்போலியன் அத்தீவில் தங்கியிருந்த லாங்வுட் வீட்டின் ஈரத்தையும் எலிகளின் அட்டகாசத்தையும், ஐரோப்பாவை ஆட்டிவைத்தவன் பள்ளிப்பிள்ளையைப்போல் இங்கிலீஷ் வாக்கியங்களை எழுதி லாஸ் காஸிடம் திருத்தம் பெற்றதையும், பிரியமில்லாதவன் எவனாவது இவ்வளவு பொறுமையாகக் குறித்திருப்பானா?

லாஸ் காஸ் இடறியது மூன்றாவது லக்ஷணத்தில். பறிமுதலான குறிப்புகளிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துவைத்த பிரதி ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு 2017-இல் அச்சேறியது. நினைவேட்டில் புகழ்பெற்ற கம்பீர வாசகங்கள் பல அதில் காணப்படவில்லை. அன்பர் காக்கத் தவறியதைப் பகைவரின் குமாஸ்தா காத்துவைத்தான் என்பது ஒரு வேடிக்கை. இத்தனைக்கும், லாஸ் காஸ் பொய் சொல்ல உட்கார்ந்தவர் என்று நான் கருதவில்லை. தலைவன் மாண்டபின், அவன் சொல்லியிருக்க வேண்டியதும் சொன்னதும் அவருக்கு ஒன்றாகிவிட்டன.

ஆகவே, எலிகளையும் ஈரச்சுவரையும் பற்றி அவர் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். வருங்காலத்தை நோக்கிச் சக்கரவர்த்தி திருவாய் மலர்ந்ததாக வரும் பக்கங்களை, அந்தக் குமாஸ்தாவின் பிரதியோடு ஒத்துப் பாராமல் ஏற்பதற்கில்லை.