அடிப்படை ஆண்டு

அலியும் டைசனும் அவரவர் உச்சத்தில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்?

இந்தக் கேள்வியைக் கேட்டதுமே உங்கள் மனசில் ஒரு பதில் வந்துவிட்டது, இல்லையா? குத்துச்சண்டையே பார்க்காதவராக இருந்தாலும் வந்திருக்கும். 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' வெளியானதிலிருந்து தமிழ்நாட்டில் பாதிப் பேர் ரங்கன் வாத்தியார்தான். இடது கை கார்டு இறங்கக் கூடாது, கால் நகர வேண்டும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே கோச்சிங் கொடுக்கிறோம்.

ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்ட் பக்கம் அப்படி ஒரு பெஞ்சில் காதில் விழுந்தது இது. பெரியவர், ஓசூரில் ஒரு மெஷின் ஷாப்பில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதிரே அவர் அக்கா மகன். அதே ஓசூரில் சி.என்.சி. ஆபரேட்டர், லீவுக்கு வந்திருக்கிறான். செல்போனில் ஏதோ ஒரு ஹெவிவெயிட் சண்டை ஓடுகிறது.

"இதெல்லாம் ஒரு சண்டையாடா? கட்டிப் பிடிச்சிக்கினு நிக்கிறானுங்க. அலி காலத்துல பதினஞ்சு ரவுண்டுடா, பதினஞ்சு!"

"மாமா, இவன் ஆறே முக்கால் அடி. உங்க அலிய ஒரே தள்ளுல கயித்து மேல சாச்சுடுவான்."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் அளக்கும் கோல்தான் வேறு வேறு.

இந்தத் தகராறைக் கம்ப்யூட்டரை வைத்துத் தீர்க்க ஒருவர் முயன்றார், தெரியுமா? 1967-ல் மியாமியைச் சேர்ந்த ரேடியோக்காரர் மர்ரி வொரோனர், எல்லாக் காலத்து ஹெவிவெயிட் வீரர்கள் பதினாறு பேரின் விவரங்களைத் திரட்டி ஒரு கம்ப்யூட்டரில் போட்டார். ஒருவர் குத்தின் வேகம், இன்னொருவர் அடி தாங்கும் சக்தி, எல்லாம் எண்களாக மாறின. அது சொன்ன முடிவுகளை நேரடி வர்ணனை மாதிரி ரேடியோவில் ஒலிபரப்பினார். செத்துப் போனவர்கள் எல்லாம் எழுந்து வந்து குத்திக்கொண்டார்கள். இறுதிப் போட்டியில் ஜாக் டெம்ப்ஸியை ராக்கி மார்சியானோ வீழ்த்தினார். அலி? கால் இறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றுப் போனார். ஜெஃப்ரீஸ் சாம்பியனாக இருந்தது 1899 முதல் 1905 வரை!

அலி சும்மா இருப்பாரா? பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டம் பறிக்கப்பட்டு, ரிங்குக்குள்ளேயே நுழைய முடியாமல் இருந்த காலம் அது. கைச்செலவுக்குப் பணம் வேண்டும். கடைசியில் பத்தாயிரம் டாலர் வாங்கிக்கொண்டு, 1969-ல் மார்சியானோவுடன் கேமரா முன்னால் பொய்ச் சண்டை போடச் சம்மதித்தார். மார்சியானோ 49 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காமல் 1956-ல் ஓய்வு பெற்றவர். படப்பிடிப்புக்காக உடம்பை இளைத்து, வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டு வந்தார். பல விதமான முடிவுகளைப் படம் பிடித்தார்கள். எதை வைக்கப் போகிறார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

படம் 1970 ஜனவரியில் திரையிடப்பட்டது. பதிமூன்றாவது ரவுண்டில் அலி நாக்-அவுட். மார்சியானோ அதைப் பார்க்கவில்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் இறந்து போயிருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார். எந்த ஊர்க்காரனுக்கு எந்த முடிவு இனிக்குமோ அந்த முடிவு. கம்ப்யூட்டர்கூட நம்மைப் போலத்தான்.

நான் படித்தது பி.காம். வேறு எதற்கு உதவியதோ இல்லையோ, இந்த இடத்தில் கை கொடுக்கிறது. அந்தக் காலத்து ரூபாயை இந்தக் காலத்து ரூபாயோடு ஒப்பிட வேண்டுமானால் முதலில் ஓர் அடிப்படை ஆண்டு வேண்டும். அந்த வருஷத்தை நூறு என்று வைத்துக்கொண்டு மற்ற வருஷங்களை அளப்பார்கள். வருமான வரிக் கணக்கில் ரொம்ப நாளாக 1981-ஐப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2017-ல்தான் அதை 2001-க்கு நகர்த்தினார்கள்.

நமக்கும் ஓர் அடிப்படை ஆண்டு இருக்கிறது. நமக்குப் பதினெட்டு வயசான வருஷம். அன்றைக்குக் கேட்ட பாட்டு, அன்றைக்குப் பார்த்த பந்து வீச்சு, அன்றைக்குச் சாப்பிட்ட பரோட்டா எல்லாம் நூறு. அதற்கப்புறம் வந்ததெல்லாம் தொண்ணூறு, எண்பது, எழுபத்தஞ்சு. அரசாங்கமாவது முப்பத்தாறு வருஷம் கழித்து மாற்றியது. நாம் மாற்றுவதே இல்லை. (என் அடிப்படை ஆண்டைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 1997. டைசன், ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த வருஷம்.)

டைசன் என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 நவம்பரில் டெக்சாஸில் அவரை மறுபடி ரிங்கில் ஏற்றினார்கள். வயது 58. எதிரே யூடியூபில் பேர் வாங்கிய ஜேக் பால், வயது 27. ரவுண்டுக்கு இரண்டே நிமிஷம், எட்டு ரவுண்டு, கனமான கிளவுஸ். கோடிக்கணக்கான பேர் பார்த்தோம். பால் புள்ளிக்கணக்கில் ஜெயித்தார். எதை நிரூபித்தது அது? 58 வயசுக்காரருக்கு மூச்சு வாங்கும் என்பதை. அதற்கு உலகமே இரவு கண் விழித்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் பார்த்தோமே, ஏன்? 1986-ல் இருபது வயதில் சாம்பியனான அந்தப் பையனை நாம் தேடினோம். அவனோடு சேர்த்து அன்றைய நம்மையும் தேடினோம் என்று நினைக்கிறேன். திரையில் வந்தது ஒரு தாத்தா.

'சரிய்யா, உடம்பு அளவை வைத்தாவது சொல்லலாமே' என்பீர்கள். சொல்லலாம். மார்சியானோவின் எடை சுமார் 85 கிலோ. இன்றைய விதிப்படி அவர் ஹெவிவெயிட்டே இல்லை, க்ரூஸர்வெயிட். உணவு, வீடியோ, மருத்துவம் என்று இன்றைய ஆளுக்கு எல்லாமே கூடுதல். அப்படியானால் பெரியவன்தான் ஜெயிப்பானா என்றால், அதுவும் இல்லை. 2024 மே மாதம் ரியாத்தில் ஆறே முக்கால் அடி டைசன் ஃப்யூரியை, அவரைவிட அரை அடி குட்டையான, க்ரூஸர்வெயிட்டிலிருந்து மேலே வந்த உசிக் தோற்கடித்தார். டிசம்பரில் மறுபடியும் தோற்கடித்தார். பெஞ்சில் இருந்த மருமகனுக்கு இதை யாராவது ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

ஆனால் எனக்கு உறுத்துவது மருமகன் வாதம் இல்லை. மாமாவின் வாதம். "பதினைந்து ரவுண்டுடா."

அந்தப் பதினைந்து ஏன் பன்னிரண்டு ஆனது? இன்றைய பையன்கள் சோம்பேறிகள் என்பதாலா? 1982 நவம்பர் 13, லாஸ் வேகாஸ். தென் கொரியாவின் கிம் டுக் கூ, அமெரிக்காவின் ரே மான்சினியோடு மோதினார். லைட்வெயிட் உலகப் பட்டம். ஊரில் அவர் மணக்கவிருந்த பெண் கர்ப்பம். பதினான்காவது ரவுண்டில் விழுந்தவர், எழுந்தார். அதோடு சண்டை நிறுத்தப்பட்டது. சற்று நேரத்தில் நினைவு தப்பியது. சில நாளில் இறந்தார். அடுத்த சில மாதங்களில் அவருடைய தாயார் தற்கொலை செய்துகொண்டார். சண்டையை நடத்திய நடுவரும் அதே முடிவைத் தேடிக்கொண்டார். கிம்மின் இறப்புக்குப் பிறகு ஓர் உலக அமைப்பு உடனே பன்னிரண்டு ரவுண்டாகக் குறைத்தது, மற்றவை சில வருஷம் இழுத்தடித்துக் குறைத்தன. பிறக்காமல் இருந்த அந்தக் குழந்தை வளர்ந்து பல் மருத்துவராகி, பல வருஷம் கழித்து மான்சினியை நேரில் சந்தித்தது.

இப்போது அந்த மூன்று ரவுண்டைக் காட்டி 'அந்தக் காலத்து ஆள்தான் ஆள்' என்று சொல்லும்போது, நாம் எதைப் பாராட்டுகிறோம்? திறமையையா, பட்ட அடியையா? 1975-ல் மணிலாவில் அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதியதை 'த்ரில்லா இன் மணிலா' என்கிறோம். பதினான்கு ரவுண்டு முடிந்து, ஃப்ரேசியருக்குக் கண் வீங்கி மூடிக்கொண்டது. இன்னும் ஒரு ரவுண்டு போகிறேன் என்றார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடவில்லை, உட்கார வைத்துவிட்டார். ஃபட்ச்சின் வேலையை அன்று பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் செய்திருப்போம்? அலிக்கு நிறுத்த ஆள் இல்லை. 1980 ஜனவரியில் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிச் சண்டை போட்டார். அப்போதே ஓய்வு பெற்றிருந்தார். அதே வருஷம் அக்டோபரில் மறுபடி ரிங் ஏறி லாரி ஹோம்ஸிடம் கன்னாபின்னாவென்று அடி வாங்கினார். 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று கண்டுபிடித்தார்கள். குத்துகளால்தான் வந்ததா என்று மருத்துவர்கள் விவாதிக்கட்டும். நடுங்கிய அந்தக் கையை நாம் எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம்.

இது ரிங்கோடு நிற்பதில்லை. அந்தப் பெரியவரே சொன்னார், "எங்க காலத்துல மெஷினுக்கு கார்டு கிடையாது, சென்சார் கிடையாது, கைதான் கணக்கு." சொல்லும்போது டம்ளரைப் பிடித்திருந்த கையில் ஒரு விரல் பாதிதான் இருந்தது. இப்போது கார்டு திறந்தால் மெஷின் நின்றுவிடுகிறது. மருமகனுக்குப் பத்து விரலும் இருக்கிறது. அதை 'சொகுசு' என்கிறார் மாமா. பெருமையோடு சொல்கிறார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த விரலுக்கு ஏதாவது ஓர் அர்த்தம் வேண்டுமே அவருக்கு. 'நான் உறுதியானவன்' என்பதைத் தவிர வேறு நஷ்ட ஈடு அவருக்குக் கிடைத்த மாதிரி தெரியவில்லை.

அதற்காக ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒருவரை அவருடைய காலத்து ஆட்களோடும், அவர் தாண்டி வந்த முள்வேலிகளோடும் ஒப்பிடலாம். மேரி கோம் ஆறு முறை உலக சாம்பியன். பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்ஸில் நுழைந்ததே 2012-ல்தான். அங்கேயும் அவருக்குப் பழகிய 48 கிலோ பிரிவு இல்லை. 51 கிலோவில் தன்னைவிடப் பெரிய பெண்களோடு மோதி வெண்கலம் வாங்கினார். அதற்குள் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய். இந்த வேலிகளை எந்தக் கம்ப்யூட்டரில் போடுவீர்கள்?

காலங்கள் உண்மையிலேயே நேருக்கு நேர் மோதுவது அபூர்வம். நம் ஊரில் ஒரு முறை நடந்தது. ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்றபோது, தேர்வுச் சண்டை வைத்தே ஆக வேண்டும் என்று நிகத் சரீன் கேட்டார். வயது 23. மேரி கோமுக்கு 37. 2019 டிசம்பரில் டெல்லியில் நடந்தது. மேரி 9-1 என்று ஜெயித்தார், கை குலுக்காமல் போனார். மாமாக்கள் கைதட்டியிருப்பார்கள். 2022-ல் நிகத் உலக சாம்பியன் ஆனார், 2023-ல் மறுபடியும். இப்போது மருமகன்கள் கைதட்டுகிறார்கள். அன்று அந்தப் பெண் சண்டை கேட்டது மரியாதைக் குறைவு என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியவர்களின் இடத்தைச் சண்டை போட்டுத்தான் கேட்க வேண்டும். மேரியும் அப்படித்தான் வந்தார்.

வட சென்னையில் கித்தேரி முத்து கதையை இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே பயிற்சிக்குப் போகும் இன்றைய பெண்ணிடம், 'நீயெல்லாம் என்ன' என்று முடிக்காதீர்கள்.

எங்கள் பகுதி, பழைய வீரர்களுக்குப் பஞ்சமில்லாத பகுதி. ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை வழியாகப் போனால் செங்கம். நடுகற்களுக்குப் பேர் போன இடம். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் நின்று பாருங்கள். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர் மாட்டு மந்தை, மீட்கப் போனவன் பெயர், பட்டான். நான் பார்த்த கற்களில் அவ்வளவுதான் எழுதியிருந்தது.