கூச்சத்தில் கிடைக்கும் சம்மதம்

வேண்டிய பொருட்களை எடுத்துக்கொண்டு, வரிசையில் காத்து நின்று, காசாளரின் முன் வந்து சேருகிறீர்கள். பணப்பையைத் திறக்கும் நேரத்தில், "இந்த சொக்லேட் இன்றைக்குப் பாதி விலை, ஒன்று சேர்க்கவா?" என்ற கேள்வி வருகிறது. வேண்டாம் என்கிறீர்கள். "எங்கள் கடை அட்டை எடுத்தால் இந்தப் பில்லிலேயே கழிவு உண்டு" என்று அடுத்தது தொடர்கிறது. அதற்கும் தலையை அசைத்தால் மூன்றாவதாக இன்னொன்று. பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுகிறார். "சரி, போடுங்கோ" என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறீர்கள்.

இது அற்ப விடயம், இதைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். போன பணம் அற்பமாக இருக்கலாம். ஆனால் இதற்குள் ஒளிந்திருக்கும் கேள்வி அற்பமானதன்று. கூச்சத்தினால் சொல்லப்பட்ட "ஆம்", உண்மையான சம்மதமாகுமா? ஆகாதெனில், குற்றம் எவரைச் சாரும்?

முதலில் வணிகருக்கும் நீதி செய்வோம். தன் பொருளைப் புகழ்ந்து கூறுவதும், "இதுவும் இருக்கிறது பாருங்கள்" என்று காட்டுவதும் வணிகத்தோடு பிறந்தவை. சந்தையில் மீன் விற்பவரும் மரக்கறி விற்பவரும் கூவித்தான் அழைக்கிறார்கள். அதை எவரும் பாவமென்று சொல்வதில்லை. நல்ல வணிகர் ஒருவர், "மின்சூள் வாங்குகிறீர்கள், மின்கலம் இருக்கிறதா?" என்று நினைவூட்டுவது உதவியே ஆகும்.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? சந்தையில் கூவுகிறவரை நீங்கள் கடந்து போகலாம். விலை கேட்கலாம், பேரம் பேசலாம், அடுத்த கடைக்கு நடக்கலாம். கருமபீடத்தின் முன் அந்தச் சுதந்திரம் இல்லை. உங்கள் பொருட்கள் அவர் கையில் இருக்கின்றன. பின்னால் மனிதர் காத்து நிற்கிறார்கள். பதில் சொல்லாமல் நகர முடியாது. கேட்பவரோ என்ன கேட்பது, மறுத்தால் அடுத்து எதைச் சொல்வது என்று முன்னரே பழக்கப்பட்டவர். நீங்கள் எதையும் சிந்தித்து வந்தவரல்லர். பொருளின் தரத்தைக் கொண்டு உங்களை இணங்க வைப்பது வேறு, "இத்தனை பேர் முன்னிலையில் எப்படி மறுப்பது?" என்ற உங்கள் மரியாதையைக் கொண்டு இணங்க வைப்பது வேறு. முன்னது வணிகம். பின்னது ஒருவருடைய நற்பண்பையே அவருக்கெதிரான கருவியாக்குவது.

கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் தமது அறவியல் நூலின் மூன்றாம் பாகத்தில் ஓர் உதாரணம் கூறுகிறார். புயலில் அகப்பட்ட கப்பலைக் காப்பாற்றுவதற்காகச் சரக்கைக் கடலில் எறிகிறார்கள். அது விரும்பிச் செய்ததா, விரும்பாமல் செய்ததா? சாதாரண வேளையில் எவரும் விரும்பிச் சரக்கை எறிவதில்லை. ஆயினும் அந்தக் கணத்தில் கை தானே தெரிந்து எறிந்தது. ஆகவே இத்தகைய செயல்கள் இரண்டும் கலந்தவை, எனினும் விருப்பச் செயலையே அதிகம் ஒத்தவை என்பது அவர் முடிவு. நம் விடயத்திலும் அப்படியே. "ஆம்" என்றவர் நாமே. அப்பொறுப்பை முற்றாகத் தட்டிக் கழிக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடலில் எழும் புயலுக்கு எவரையும் குற்றஞ்சாட்ட இயலாது. கருமபீடத்தில் எழும் இந்தச் சிறு புயலோ திட்டமிட்டு எழுப்பப்படுவது. எழுப்பியவருக்கும் பொறுப்பு உண்டன்றோ?

இதனைச் சட்டமே ஏற்றுக்கொண்ட இடமும் உண்டு. பிரித்தானியாவில் சலவை இயந்திரம், தொலைக்காட்சி போன்ற மின்சாதனங்களை வாங்குவோரிடம், பணம் செலுத்தும் நேரத்தில் மேலதிக உத்தரவாதப் பத்திரங்களை விற்கும் வழக்கம் பெருகியிருந்தது. அந்நாட்டுப் போட்டி ஆணைக்குழு அதனை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. 2005ஆம் ஆண்டில் ஓர் ஆணை நடைமுறைக்கு வந்தது. அதன்படி, உத்தரவாதத்தின் விலையைப் பொருளின் விலையோடு சேர்த்தே காட்ட வேண்டும். சொன்ன விலையை 30 நாட்களுக்கு மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். வாங்கிய பின் மனம் மாறினால் 45 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம். இதன் உட்பொருள் என்ன? வீட்டுக்குப் போய், குடும்பத்தோடு கலந்து பேசி, அமைதியாகச் சிந்தித்த பின்னும் நிலைத்து நிற்கும் சம்மதமே சம்மதம் என்பதுதான். நல்ல பொருள் 30 நாள் காத்திருக்கும். இந்தக் கணமே வாங்கவேண்டும் என்று நெருக்குவதைச் சந்தேகிப்பது தவறாகாது.

அடுத்து, கருமபீடத்தின் மறுபக்கத்தில் நிற்பவரைப் பற்றிச் சிந்திப்போம். நம் எரிச்சல் முழுவதும் அவர்மீதே பாய்கிறது. ஆனால் அந்த வாசகத்தை எழுதியவர் அவரல்லர். இன்றைக்கு இத்தனை அட்டை, இத்தனை பொருள் என்று அவருக்கு இலக்கு வைக்கப்பட்டிருக்கலாம். கேட்காமல் விட்டால் மேலாளரின் ஏச்சு. கேட்டால் வாடிக்கையாளரின் முகச்சுளிப்பு. நம் பிள்ளைகள் எத்தனை பேர் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இதே இடத்தில் நின்று உழைக்கிறார்கள்!

இலக்கு என்னும் சாட்டை மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு, கடையிலன்றி வங்கியின் கருமபீடத்தில் நடந்த ஒன்று சான்றாகும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்குகளையோ சேவைகளையோ விற்க வேண்டும் என்பது குறிக்கோளாக இருந்தது. கேட்டுக் கேட்டும் கிடைக்காத சம்மதத்தை, இறுதியில் ஊழியர்கள் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் அறியாமல் இலட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவ்வங்கிக்கு 18 கோடி 50 இலட்சம் டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதுவரையில் ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள். 2020இல் வங்கி மேலும் 300 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. பொய்க்கணக்கைத் திறந்தவர்கள் செய்தது தவறுதான். ஆனால் உண்மையாக உழைத்தால் எட்ட முடியாத இலக்கை வைத்துவிட்டு, எட்டும் வழியைக் கேளாதிருந்தவர்களின் தவறு அதனிலும் சிறியதா?

ஆகவே, அன்பான வாசகர்களே, இந்தச் சிறு விடயத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. கடை நடத்துபவர் நீங்களானால், ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தச் சொல்லுங்கள். முதல் மறுப்புக்குப் பின் வரும் இரண்டாவது கேள்வி, வாடிக்கையாளரின் சொல்லை மதிக்கவில்லை என்பதற்கு அடையாளம். கேட்காத ஊழியரைத் தண்டிக்கும் இலக்கை எடுத்துவிடுங்கள். வந்தவர் மனநிறைவோடு போனால் மீண்டும் வருவார்.

வாங்குபவர் நீங்களானால், தெளிவாக மறுக்கப் பழகுங்கள். நேரே "இல்லை" என்பது மரியாதைக் குறைவு என்றெண்ணி, "பிறகு பாப்பம்", "இன்றைக்குக் காசு கொண்டுவரவில்லை" என்று சாட்டுச் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. சாட்டு சொன்னால், அச்சாட்டுக்கு ஒரு விடை தயாராக இருக்கும். "வேண்டாம், நன்றி" என்பதற்கு விடை கிடையாது. அதில் பொய்யும் இல்லை, கடுமையும் இல்லை. பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள் என்பதையும் மறவாதீர்கள். ஒரு சொக்லேட்டை மறுக்கக் கூசுகிற பிள்ளை, நாளைக்கு நண்பர்கள் நீட்டும் கூடாத ஒன்றை எப்படி மறுக்கும்?

மறுக்கும்போது காசாளரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். முறையீடு இருக்குமானால் அதை மேலாளரிடமோ உரிமையாளரிடமோ எடுத்துச் செல்லுங்கள். காலை முதல் நின்ற கால்களோடு அந்தப் பிள்ளை அன்றைக்கு எத்தனை மறுப்புகளைக் கேட்டதோ! உங்களுடையது அன்பான மறுப்பாக இருக்கட்டும்.