பயனும் மாண்பும்

நெடுநாளாய்ப் படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவருக்கு நற்கருணை வழங்கச் சென்றிருந்தோம். "சாமி, இனிமே என்னால யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டார். அண்மையில் படித்த அறிவியல் செய்தியொன்றையே அவருக்கு விடையாகச் சொன்னோம்.

உயிரணுவில் ஆர்.என்.ஏ. பெரும்பாலும் இரு முனைகள் கொண்ட இழையாகவே இருக்கும். சில வேளைகளில் முனைகள் இணைந்து வட்டமாகிவிடும். 1979-இல் மின்னணு நுண்ணோக்கியில் இவ்வட்டங்கள் காணப்பட்டன. ஆயினும், வெட்டி ஒட்டும் பணியில் நேர்ந்த பிழைகள் என்றே நெடுங்காலம் ஒதுக்கப்பட்டன. மூளையில் மிகுந்துள்ள அத்தகைய வட்டமொன்று, குறிப்பிட்ட நுண் ஆர்.என்.ஏ. ஒன்று வந்து பற்றும் இடங்கள் எழுபதுக்கும் மேல் கொண்டது என 2013-இல் கண்டனர். அதனை நீக்கிய சுண்டெலிகளின் மூளைச் செயல்பாட்டில் கோளாறு தென்பட்டதை 2017-இல் அறிவித்தனர். "பிழையென்று தள்ளியதற்கும் பயன் இருந்தது, ஐயா" என்றோம். அவர் புன்னகைத்தார். நாமும் நிறைவோடு திரும்பினோம்.

மேலும் படித்தபோது அந்நிறைவு குலைந்தது. குரங்குகளும் மனிதரும் அடங்கிய முதனி வரிசையின் மரபுத்தொகுதியில் 'ஆலு' எனப்படும், ஏறத்தாழ 300 எழுத்து நீளமுள்ள துண்டுகள் பரவிக் கிடக்கின்றன. மனிதரிடம் இவை பத்து இலட்சத்திற்கும் மேல். மரபுத்தொகுதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. எதிரெதிர்த் திசையில் அமைந்த இரண்டு ஆலுக்களின் படிகள் ஆர்.என்.ஏ. இழையில் ஒன்றோடொன்று பிணையும்போது இடைப்பகுதி வளைந்து வட்டமாவதற்கு வழி பிறக்கிறது. மனிதர், ரீசஸ் குரங்கு, சுண்டெலி, எலி, ஒப்போசம் ஆகியவற்றை ஒப்பிட்ட 2021-ஆம் ஆண்டு ஆய்வொன்று, வட்டங்கள் பலவும் பொது மூதாதையிடமிருந்து வந்தவையல்ல. இத்தகைய துண்டுகள் புகுந்ததால் அந்தந்த வழிமரபில் தனித்தனியே தோன்றியவை. பல வெறும் உடன்விளைவுகளாகவே இருக்கலாம் என்று கூறியது.

அவ்வாறாயின், அம்முதியவருக்கு நாம் சொன்னது என்ன ஆயிற்று? எண்ணிப் பார்த்தால், அது ஆறுதலே அன்று. "உமக்கும் ஒரு பயன் தென்படும், பொறுத்திரும்" என்று கொடுத்த தவணை. பயனே அளவுகோல் என்பதை அவரோடு சேர்ந்து நாமும் ஒப்புக்கொண்டுவிட்டோம். பயனால் மாண்பு வருமெனில், பயன் தீரும் நாளில் மாண்பும் தீர வேண்டுமே!

மூலக்கூற்றிடம் "உன் பணி யாது?" என்று கேட்பது அறிவியலின் கடமை. மனிதனை மதிக்குமுன் அவனிடம் அவ்வாறு கேட்பதோ அநீதி. அவன் இறைச்சாயல், அச்சாயல் உழைத்துப் பெற்ற கூலியன்று, கொடை.

மறுவாரம் அவரிடம் சென்று, "அன்று தவறாகச் சொல்லிவிட்டோம், ஐயா" என்றோம். பயனைப் பற்றி எதுவும் பேசாமல் நெடுநேரம் அருகில் அமர்ந்திருந்தோம். நம் இல்லங்களில் இப்படி யாரேனும் படுத்திருக்கின்றனரா? அவர்கள் அக்கேள்வியைக் கேட்கும் நிலைக்கு யார் தள்ளினார்கள்?