மூன்று வருஷம்

உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாளின் மகள் ப்ளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மார்க். "துணிக்கடையில ஆள் எடுக்குறாங்களாம். சேத்து விட்டுடவா, இல்ல காலேஜுல போடவா? நீங்களே சொல்லுங்கம்மா" என்று கேட்கிறார். நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டீர்கள். "இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? படிக்க வைம்மா" என்பீர்கள்.

நல்ல பதில்தான். ஆனால் அதைச் சொல்ல உங்களுக்குக் காலணா செலவில்லை. கேட்டுக்கொண்டு போகிறவருக்கு உண்டு.

எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். அரசுக் கலைக் கல்லூரியில் ஃபீஸ் குறைவு, அதனால் பெரிய செலவில்லை என்று தோன்றும். உண்மையான செலவு எந்த ரசீதிலும் வராது. துணிக்கடையில் அந்தப் பெண்ணுக்கு மாதம் பத்தாயிரம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், மூன்று வருஷத்துக்கு 3,60,000 ரூபாய். ரேஷன் அரிசியில் ஓடுகிற ஒரு வீட்டிடம் கல்லூரி கேட்பது இந்த மூன்றரை லட்சத்தைத்தான். நம் வீடுகளில் யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையின் சம்பளத்தை நம்பி நாம் உலை வைப்பதில்லை, அவ்வளவுதான் காரணம். நம்மால் காத்திருக்க முடியும். அவர்களால் முடியாது.

இதே மூன்று வருஷத்துக்கு நம் ஊரில் இன்னொரு விலையும் இருந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆலை விடுதியிலேயே தங்கி மூன்று வருஷம் வேலை பார்த்தால், கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. நடுவில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பிய பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவேயில்லை. பி.ஏ.வுக்கும் மூன்று வருஷம், ஆலைக்கும் மூன்று வருஷம். ஏழைப் பெண்ணின் அந்த மூன்று வருஷத்தை யார் வாங்குவது? ஆலை முதலாளி வாங்கலாம் என்றால், அரசாங்கம் வாங்கக் கூடாதா?

கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அமெரிக்கா 1996-ல் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது. அரசு உதவித்தொகையில் வாழ்ந்த குடும்பங்களுக்கான சட்டத்தை அந்த வருஷம் அதிபர் கிளிண்டன் கையெழுத்துப் போட்டு மாற்றினார். அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களுடையவை. புதிய சட்டத்தின் சாரம் இதுதான்: முதலில் வேலைக்குப் போ, ஏதாவது ஒரு வேலைக்கு. மத்திய அரசின் பணத்தில் உதவி, வாழ்நாளில் மொத்தம் ஐந்து வருஷம்தான். தொழிற்படிப்பு படித்தால் 12 மாதம் வரை அதை வேலையாகக் கணக்கில் சேர்ப்பார்கள். அதற்கு மேல் படித்தால் அது வேலை இல்லை. பாதிக் கல்லூரியில் இருந்த பல தாய்மார்கள் புத்தகத்தை மூடிவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போனார்கள். மெய்ன் என்ற சின்ன மாநிலம் 1997-ல் எதிர்த்திசையில் நடந்தது. டிகிரி படிக்கும் ஏழைத் தாய்மார்களுக்குத் தன் சொந்தப் பணத்திலிருந்து உதவி கொடுத்தது.

அமெரிக்கக் காங்கிரஸுக்கு இரக்கமில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் நாள் முழுக்க நின்றுகொண்டே பில் போடும் ஒரு பெண் கேட்கலாம்: "நானும் காலேஜ் பாத்ததில்ல. நான் கால் வலிக்க நிக்கிறேன், அவ உக்காந்து படிக்கிறா. என் வரிப் பணத்துலயா?"

இதற்குப் பதில் சொல்லாமல் நகரக் கூடாது. எனக்குத் தோன்றும் பதில் இரண்டு.

ஒன்று, அந்தப் பெண்ணின் கோபம் நியாயமானது. ஆனால் கல்லூரிக் கதவை இன்னொருத்திக்குச் சாத்துவதால் இவளுக்கு என்ன கிடைக்கும்? கால் வலி அப்படியேதான் இருக்கும். இவளுக்கும் கதவு திறக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கோபத்தின் சரியான கோரிக்கை.

இரண்டாவது, வரிப் பணத்தில் படிப்பது ஏழைகள் மட்டும்தானா? ஐ.ஐ.டி.யிலும் அரசு மருத்துவக் கல்லூரியிலும் படிக்கிறவர்கள் கட்டும் ஃபீஸ், அந்தப் படிப்புக்கு ஆகும் செலவில் ஒரு பகுதிதான். மீதி வரிப் பணம். பாத்திரம் தேய்க்கிற அம்மாள் சோப்பு வாங்கும்போது கட்டிய வரியும் அதில் உண்டு. அதை யாரும் இலவசம் என்று கேலி செய்வதில்லை. 'தேசத்தின் முதலீடு' என்று கௌரவமாகச் சொல்கிறோம். அதே அமெரிக்கா 1944-ல் ஒரு சட்டம் போட்டு, போரிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு ஃபீஸும் கட்டி, மாதச் செலவுக்கும் பணம் கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்பியது. "முதல்ல ஏதாவது ஒரு வேலைக்குப் போங்கப்பா" என்று அவர்களிடம் சொல்லவில்லை. வாங்குகிற கையை நாம் மதித்தால் அது முதலீடு, மதிக்காவிட்டால் பிச்சை.

தமிழ்நாட்டில் இந்தப் பார்வை மெல்லத்தான் மாறியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் வந்தது திருமண உதவித் திட்டம். 2011-ல் அதோடு தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. பத்தாவது படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், டிகிரியோ டிப்ளமோவோ முடித்தவளுக்கு 50,000. படித்தால் கூடுதல் பணம், ஆனால் அதுவும் கல்யாண மேடையில்தான். 2022-ல் இந்தத் திட்டமே உருமாறிப் புதுமைப் பெண் திட்டம் ஆயிற்று. அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. தாலிக்குப் போன பணம் பாடப் புத்தகத்துக்குத் திரும்பியது.

ஆயிரம் ரூபாய் பத்தாயிரத்துக்கு ஈடாகாதுதான். ஆனால், "படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?" என்று கேட்கிற வீட்டில், "நானும் மாசா மாசம் ஏதோ கொண்டு வர்றேன்ல" என்று சொல்ல ஒரு வார்த்தையைக் கொடுக்கும். சத்துணவு, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு 2010-ல் வந்த கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் மருத்துவப் படிப்பில் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு என்று ஒவ்வொரு படியாகக் கட்டித்தான் இங்கே வந்திருக்கிறோம். 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47.

"சரி சார், படிச்சவன் எல்லாம் பைக்குல சாப்பாடு டெலிவரி பண்றானே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான். பத்தாவது பாஸ் போதும் என்கிற குரூப் 4 பரீட்சைக்கு எம்.ஏ.க்களும் இன்ஜினீயர்களும் வந்து உட்காருகிறார்கள். டிகிரி என்பது தேதி போட்ட செக் இல்லை. அப்படிச் சொல்லி ஒரு ஏழைக் குடும்பத்தின் மூன்று வருஷத்தை வாங்குவது, ஆலைக்காரர் சொன்ன மொத்தத் தொகை மாதிரிதான் ஆகிவிடும். வாக்குக் கொடுத்தவர்களுக்குப் பொறுப்பு உண்டு.

அந்த வாக்கைக் கொடுத்தது அரசாங்கம் மட்டுமல்ல, "படிக்க வைம்மா" என்று சொன்ன நாமும்தான்.

நம் பிள்ளைகளுக்கு எப்போதும் ஒரு மாமா இருப்பார். எந்த குரூப் எடுத்தால் எந்த வேலை, எந்தக் கல்லூரியில் வாத்தியார்கள் ஒழுங்காக வருகிறார்கள், எந்த ஸ்காலர்ஷிப்புக்கு என்றைக்குக் கடைசித் தேதி, இன்டர்வியூவில் எப்படி உட்கார வேண்டும் என்று எல்லாம் தெரிந்த மாமா. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை. வெறும் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பியதற்கே ஒரு வருஷம் போய்விடும். ஃபீஸை அரசாங்கம் கட்டிவிடும். அந்த மாமாவின் வேலையை அதனால் செய்ய முடியாது.

அதற்குப் பணம் வேண்டாம். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், அப்புறம் மூன்று வருஷத்துக்கு அவ்வப்போது ஒரு போன். "படிக்க வைம்மா" என்று சொல்லிவிட்ட யாரும் இவ்வளவாவது செய்யக் கடமைப்பட்டவர்கள்.