தாளில் வந்த காலடிகள்

ஆர்தர் மரே சிறுவயதில் கூச்ச சுபாவக்காரர். நெட்டையாக வளர்ந்த தன் உடம்பை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் தவித்தவர். 1895இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியின் கலீசியாவில், யூதக் குடும்பத்தில் மோசஸ் டைக்மனாகப் பிறந்து, இரண்டு வயதில் நியூயார்க் வந்தார். இப்படிப்பட்டவர் அமெரிக்காவுக்கே ஆடக் கற்றுக்கொடுத்ததில் எனக்கு வியப்பில்லை. ஆடப் பயந்தவனுக்குத்தானே அந்தப் பயம் எங்கே குடியிருக்கிறதென்று தெரியும்!

அது இருப்பது பார்ப்பவர்களின் கண்ணில். வால்ஸ், ஃபாக்ஸ்டிராட் போன்ற ஜோடி நடனங்களுக்கு நம் பரதம்போல அரங்கேற்றமெல்லாம் கிடையாது. அந்நாளில் விருந்துக்குப் போனால் ஜோடி சேர்ந்து ஆட வேண்டும். தெரியாதவர் சுவரோரம் நிற்பார். நிற்பதையும் எல்லோரும் பார்ப்பார்கள்.

மரே அந்தக் கண்களை அப்புறப்படுத்தினார். எந்தக் கால் எங்கே, எந்த வரிசையில் என்று பாத வடிவங்களாக வரைந்த தாள்களைத் தபாலில் அனுப்பினார். லட்சக்கணக்கில் விற்றன. உடலின் குழைவு தாளில் வராதுதான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு மனம்போலத் தடுமாறலாம். தாள் சிரிக்காது, புகழவும் புகழாது.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். 1938 முதல் மரேயின் பெயரில் கிளைப் பள்ளிகள் ஊர் ஊராக முளைத்தன. அங்கே தாளின் இடத்துக்கு மனிதர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் புகழத் தெரிந்திருந்தது. 1968இல் ஃப்ளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அப்படியொரு பள்ளியைப் பற்றி ஒரு வழக்கு வந்தது. மரே அதற்குள் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். கணவரை இழந்த ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருவரிடம், அவருக்கு அபாரத் திறமை என்று சொல்லிச் சொல்லியே 2,302 மணி நேரப் பாடங்களை 31,000 டாலருக்கு மேல் விற்றுவிட்டதாகக் குற்றச்சாட்டு. அவருக்கோ தாளமே பிடிபடவில்லையாம். கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்ட வழக்கை, விசாரிக்கத் தக்கதுதான் என்று நீதிபதிகள் உயிர்ப்பித்தார்கள்.

சட்டத்துக்கு அது ஏமாற்றா இல்லையா என்பதே கேள்வி. எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. எல்லோருக்கும் ஆட்டம் என்றால், எல்லோருக்கும் திறமை உண்டென்று அர்த்தமா? திறமை இல்லாதவருக்கும் அதில் பாத்தியதை உண்டென்பதுதானே! தபால் தாள்கள் அதைத்தான் வீடு வீடாகக் கொண்டுபோயின.

அந்தப் பெண்மணி பள்ளிக்குப் போனது, வாழ்க்கையில் புதிதாக ஒரு பிடிப்பைத் தேடி. வாரம் ஒருமுறை யாரோ ஒருவரின் கைபிடித்து, தாளம் தப்பி ஆடியிருந்தால்கூட அது கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.